எங்க வீட்ல குப்பையே கிடையாது

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாவ. மாடியப் பாக்கத்தான வந்திருக்கிய? காட்டுதேன், சாவி இந்தா மடியிலயே இருக்கு. அதுக்கு முந்தி ரெண்டு வார்த்தை பேசிக்கிடுவோம், உக்காருங்க. வாடகை, அட்வான்ஸ் எல்லாம் நீங்க பாத்துக் குடுங்க, அதுல எனக்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. மீன் பொரிங்க, கோழி வறுங்க, அதுலயும் ஒண்ணும் கிடையாது. நான் பாக்கது ஒண்ணே ஒண்ணுதான். குப்பை.

அது என்ன கையில, தண்ணி பாட்டிலா? கடையில வாங்கினதா? பரவால்ல, போகும்போது கையோட கொண்டு போயிருங்க. மறந்து வச்சிட்டுப் போனா அது எங்க வீட்டுக் கணக்குல வந்திரும்.

இந்தத் தெருவுல யார்ட்ட வேணாலும் ஆவுடையப்பன் வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க. குப்பையில்லாத வீடுன்னுதான் சொல்லுவாவ. முக்குக் கடையில கேட்டுத்தான வந்திருப்பிய? சிரிச்சாவளா? சிரிப்பாவ, சிரிப்பாவ. நான் தெரு நலச் சங்கத் தலைவரா வாரதுக்கு முந்தி இந்தத் தெரு கெடந்த கெடப்பு அவங்களுக்கு மறந்து போச்சு. மக்குத குப்பை, மக்காத குப்பைன்னு ரெண்டு கூடையா வீடு வீடா வைக்கச் சொன்னதே நான்தான். வச்சிருக்காவளான்னு மூடியத் தொறந்து பாத்ததும் நான்தான். அதுல சில பேருக்கு வருத்தம். எதுத்த வீட்டு டீச்சர் என்னையக் கண்டா கதவ அடைச்சிருவா. அடைக்கட்டும், கூடை வெளியதான இருக்கு.

குப்பை வண்டி ஒழுங்காத்தான் வருது. பிரிச்சுத்தான் வாங்குதாவ, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா நம்ம குப்பைய எதுக்கு இன்னொருத்தர் எடுக்கணும்ங்கேன் நான். நம்ம வீட்டுக்குள்ள வந்த சாமான் நம்ம பொறுப்பு. வண்டியில வாரவ, இசக்கியம்மான்னு பேரு, எங்க வாசல்ல நிக்கவே மாட்டா. 'ஐயா வீட்ல என்ன இருக்கப் போவுது'ன்னுட்டு நேரா அடுத்த வீட்டுக்குப் போயிருவா. அதக் கேக்கயில எனக்கு அம்புட்டு சந்தோசம் தம்பி, பெத்த மக பாஸானப்பகூட அப்படி இருந்ததில்ல.

சரி, முறையச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. பால் கவரு இருக்குல்லா, அத கத்தரியால நறுக்குறப்ப மூலை தனியா துண்டா விழுந்திரப்பிடாது. ஒட்டிக்கிட்டே தொங்கணும். அந்தச் சின்னத் துண்டுதான் போயி சாக்கடைய அடைக்கும், மாட்டு வயித்துக்குள்ள போவும். பொறவு கவர சோப்புத் தண்ணி விட்டு அலசி, கவுத்து, கொடியில கிளிப்பு போட்டுக் காயவைக்கணும். எண்ணெய் கவரு, மாவு கவரு, எல்லாத்துக்கும் அதே முறைதான். நாங்க இதுவரைக்கும் ஒரு கவரக்கூட கழுவாம வச்சது கிடையாது. நாங்கன்னா, பிரமு கழுவுவா, எங்க வீட்டம்மா. நான் காஞ்சிருக்கான்னு பாப்பேன். அதுவும் வேலைதான, ஈரத்தோட அடுக்கிட்டா அம்புட்டும் நாறிப்போவும்.

கழுவுனதெல்லாம் பின் ரூம்புல மூட்டை மூட்டையா இருக்கு. பழைய சாமான் கடைக்காரன் வந்து கேட்டான். இத வாங்கிட்டுப் போயி என்ன செய்வன்னு கேட்டேன், அவனுக்கே தெரியல. தெரியாதவன்ட்ட எப்படித் தூக்கிக் குடுக்கது? பொண்ணு குடுக்க மாதிரிதான், நல்ல எடமா வரட்டும்னு வச்சிருக்கேன்.

ஏன் தம்பி மூக்கப் பொத்துதிய? சளியா? வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியலயே. பிரமு ஊருக்குப் போனதுல இருந்து கவரு கழுவல, அது கொஞ்சம் சேந்து கெடக்கு. அவ வந்துதான் கழுவணும். ஓசூருல மக வீட்டுக்குப் பிள்ளப்பேறு பாக்கப் போயிருக்கா. ஆமா, பேத்தி பொறந்தாச்சு. நடக்கா இப்பம். பிரமு இந்தா வாரேன், அந்தா வாரேன்ங்கா, வந்தபாடில்ல. நியாயப்படி மகதான தலப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வரணும்? இவ என்னன்னா, 'அந்த வீட்டுக்குள்ள நான் கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு இருக்க மாட்டேன், அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்'னுட்டா. காலம் அப்படி மாறிப்போச்சு.

மாடியில உர டிரம்மு ரெண்டு மூணு இருக்கு, முதல்லயே சொல்லிருதேன். நீங்க பாக்க வந்த வீட்டு அடுக்களைக்கு நேர் எதுக்கத்தான் இருக்கு. காய்த் தோலு, பழத் தோலு, முட்டை ஓடு எல்லாம் அதுல போட்டு, மேல தென்னநார்த் தூளத் தூவி, தினமும் அடியோட கிண்டணும். எனக்குத் தோள்பட்டை வலி, அதனால பிரமு கிண்டுவா. உள்ள வெள்ளையாப் பூசணம் பூத்திருக்கும். மூடியத் தொறந்து கம்ப விட்டுக் கிண்டினா அப்படியே புகை மாதிரி மேல எழும்பும் பாருங்க, நான் நாற்காலி போட்டு உக்காந்து பாப்பேன். அப்படி எழும்பினாத்தான் உரம் நல்லா மக்குதுன்னு அர்த்தம்.

டிரம்மு வச்ச சமயத்துலதான் அவளுக்கு இழுப்பு வந்துச்சு. இழுப்புன்னா மூச்சிரைப்பு. நாலு படி ஏறினா நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துத மாதிரி சத்தம். டாக்டர்ட்ட போனா. அவரு தூசி ஆகாது, பூசணம் ஆகவே ஆகாதுன்னாராம். அது உரம்னு அவருக்கு யாரு சொல்லுதது? ஒரு நீல டப்பா எழுதிக் குடுத்துட்டாரு. வாயில வச்சு அமுக்கி உறிஞ்சுவாவள்லா, இன்ஹேலர்னு, அதுதான்.

அத மொதத் தடவ கையில வாங்கிப் பாத்ததும் எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிட்டு. எதுக்குச் சொல்லுங்க? வெளிய பிளாஸ்டிக்கு. உள்ள தகரக் குப்பி. குப்பிக்குள்ள அடைச்ச காத்து, காத்தோட மருந்து. ஒரே சாமான்ல அம்புட்டு வகையும் இருக்கு, எந்தக் கூடையில போடுவிய? தீந்து போனா இத எங்க போடப் போறன்னு அவள்ட்ட கேட்டேன். அவ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கும் தெரியல போல.

போடுத எடம் தெரியாத சாமான் இந்த வீட்டுக்குள்ள வரப்பிடாதுன்னு சொல்லிட்டேன். கோவமா இல்ல, நயமாத்தான் சொன்னேன். சும்மாவும் விடல. ஆடாதோடை எல, துளசி, மிளகு எல்லாம் தட்டிப் போட்டு நானே கசாயம் வச்சுக் குடுத்தேன், என் கையால. இந்தத் தெருவுல எந்தப் புருசன் பொண்டாட்டிக்குக் கசாயம் வச்சுக் குடுத்திருக்கான்? கொஞ்ச நாள்தான், டப்பா போயே போச்சு. எங்க வீட்டுக் குப்பைய நான் தினமும் பாக்கேன்லா, ஒண்ணுகூடக் கிடையாது. சுத்தமா குணமாயிட்டு. ஆளு பொய் சொல்லும் தம்பி, குப்பை பொய் சொல்லாது.

அப்பம்தான் மாடிக்கு டைட்டஸும் ஜெபக்கனியும் குடி வந்தாவ. கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகல. அவன் தூத்துக்குடியில ஒரு கம்பெனியில வேலை, விடிஞ்சு போனா இருட்டித்தான் வருவான். இவ வீட்லதான் இருப்பா. துறுதுறுன்னு நல்ல பிள்ள. வந்த வாரத்துலயே பிரமுகூட ஒட்டிக்கிட்டா. ஆன்ட்டி ஆன்ட்டின்னு அடுக்களையிலயே கெடப்பா, தாயும் பிள்ளையும் மாதிரி. ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குக்கூட சேந்து போயிட்டு வருவாவ. அந்தப் புள்ளைக்குத் துணைக்குத்தான் பிரமு போறான்னு நான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மாடிக் கூடையையும் நான் கீழ கொண்டு வந்து ஒரு பேப்பர்ல கொட்டிப் பாப்பேன். நீங்க அப்படிப் பாக்காதிய, அது வேவு பாக்கது இல்ல, வகை பாக்கது. ஆனா கண்ணுல படத்தான செய்யும்? யாரு வீட்ல சுகரு, யாரு வீட்ல மருமக அடுப்பே பத்த வைக்கல, யாரு கதவச் சாத்திக்கிட்டு ஒளிச்சுத் திங்கா, எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக் குப்பைய ஒரு வாரம் காட்டுங்க, அந்த வீட்ல உள்ளவங்க மனசுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லிப்புடுதேன்.

ஒரு நாள் மாடிக் கூடையக் கொட்டுதேன், நடுவுல அந்த டப்பா. அதே டப்பா, அதே நீலம். முட்டக்கோசு எலைக்குள்ள பொதிஞ்சு வச்சிருந்துச்சு. அடப்பாவமேன்னு ஆயிட்டு எனக்கு. பிரமுவ விட்டுப் போன நோயி மேல போயி அந்தப் புள்ளையத் தொத்திக்கிச்சே. தடதடன்னு படியேறி ஓடுதவ, ஒரு நாளும் மூச்சு வாங்கி நான் பாத்ததில்ல. அப்படி உள்ளயே அமுக்கி வச்சிருக்கா பாருங்க. எடுத்துட்டு நேரா அடுக்களைக்குப் போனேன். ரெண்டு பேரும் அங்கதான் இருந்தாவ. இது யாருக்குள்ளதுன்னு கேட்டேன்.

அந்தப் புள்ள பிரமுவப் பாத்தா. பிரமு குனிஞ்சு வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டே இருந்தா.

"எனக்குத்தான் அங்கிள்," அப்படின்னா ஜெபக்கனி.

என்னத்தச் சொல்ல. அடுத்த வீட்டுப் பிள்ளன்னு நான் நெனைக்கல. அன்னையில இருந்து கசாயத்துல ஒரு டம்ளர் அவளுக்கும் சேத்து வச்சேன், பிரமு கையில குடுத்து விடுவேன். மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே குடிப்பா. கசப்புன்னா கசப்பு, வேப்பெண்ண தோத்துப்போவும். நோயி இல்லாதவ அத ஒரு வாய் குடிப்பாளா? குடிச்சாளே, அதுல இருந்தே தெரியலயா?

ஆனா டப்பா மட்டும் நிக்கல. ஒண்ணு தீர ஒண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு. சங்கக் கூட்டத்துல எடுத்து வச்சேன், இந்த மாதிரி சாமான என்ன செய்யலாம்னு. பேரு சொல்லல நான். என் வீட்டு மாடியில ஒரு ஆஸ்துமா கேஸு இருக்குன்னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கு மறுநாள் டைட்டஸ் வந்து நிக்கான். 'ஜெபாவுக்கா அங்கிள்? ஆஸ்துமாவா?'ன்னு என்ட்டயே திருப்பிக் கேக்கான். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. கட்டினவளுக்கு என்ன நோயின்னு தெரியாதவன் என்ன புருசன் தம்பி? ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, கூட இருக்கவ மூச்சு வாங்குதாளா இல்லையான்னு தெரியாமலா ஒருத்தன் இருப்பான்? நல்லா ஏசி விட்டேன். அவன் மேல போயி என்ன பேசினானோ, பொறவு அவனும் வாயத் தொறக்கல. என்னையக் கண்டா ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போவான்.

அந்தப் புள்ளையக் கூப்பிட்டு, இனிமே இந்த டப்பா இந்தக் காம்பவுண்டுக்குள்ள வரப்பிடாதுன்னு சொல்லிட்டேன். ஏன்னா அப்பம் சோலி ஒண்ணு நடந்துக்கிட்டு இருந்துச்சு. வார்டுல மாதிரி வீடுன்னு ஒண்ணத் தேர்ந்தெடுத்துப் பரிசு குடுக்கப் போறாவன்னு பேச்சு. குப்பையே வெளிய வராத வீடு எங்க வீடு ஒண்ணுதான். ஆபீசர் அம்மா ஒருத்தங்களும் கூட ரெண்டு பேரும் பாக்க வாராவ. நான் வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கேன்.

கவரு கொடியப் பாத்து அந்தம்மா ரொம்பப் பாராட்டினாங்க. மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். டிரம்மு மூடியத் தொறந்து, எல்லாத்தையும் நல்லாக் கிண்டிக் காட்டுன்னு பிரமுட்டச் சொன்னேன். அவ என் மூஞ்சியப் பாத்தா. பொறவு சேலையால மூக்கச் சுத்திக் கட்டப் போனா, ஆளுங்க முன்னால அது என்ன பழக்கம்னு நான் கண்ணக் காட்டினேன், எடுத்துட்டா. ஒரு டிரம்ம கிண்டினா. ரெண்டாவது கிண்டினா. புகை நல்லா எழும்புது, நான் அந்தம்மாவுக்கு வெளக்கிக்கிட்டு இருக்கேன். திரும்பிப் பாத்தா இவ தரையில உக்காந்திருக்கா. சுவரப் புடிச்சுக்கிட்டு வாயத் தொறந்து தொறந்து மூடுதா, சத்தம் வரல. உதடு நீலம் பூத்துப் போச்சு.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பொய் சொல்லல தம்பி, அவ இல்லன்னா நான் என்ன ஆவேன்? கண்ணுல தண்ணி முட்டிட்டு. அப்பம் மாடிக் கதவத் தொறந்துக்கிட்டு ஜெபக்கனி ஓடி வாரா. கையில அந்த டப்பா. நான் கொண்டு வரப்பிடாதுன்னு சொன்ன டப்பா. வந்தவ நேரா பிரமு தலையத் தூக்கி, வாயில வச்சு அமுக்குதா.

பதறிட்டேன் நான். ஒருத்தர் எச்சிப்பண்ணினத இன்னொருத்தர் வாயிலயா? அதுவும் சுத்தத்தப் பாக்க வந்தவங்க கண்ணு முன்னால. கையப் புடிச்சுத் தடுக்கப் போனேன். இம்புட்டுக்காணு இருக்கவ, என் கையத் தட்டிவிட்டா.

"தள்ளி நில்லுங்க அங்கிள். இந்த ஒரு தடவையாவது தள்ளி நில்லுங்க."

அப்படின்னா. ஆபீசர் அம்மா கேட்டுக்கிட்டு நிக்காங்க. கொஞ்சத்துல பிரமுவுக்கு மூச்சு திரும்பிட்டு. கசாயம் தவறாம குடிச்ச ஒடம்பு, அதனால தப்பிச்சா. ஆனா வந்தவங்க அப்படியே எறங்கிப் போயிட்டாங்க. பரிசு வேற தெருவுக்குப் போயிட்டு. அந்த வீட்டுக்காரன் பால் கவரு மூலையத் துண்டா நறுக்கிப் போடுதவன், நானே கண்ணால பாத்திருக்கேன். எல்லாம் இந்தப் புள்ள செஞ்ச அவசரத்துனால வந்தது.

நான் போகச் சொல்லல. அவங்களாத்தான் காலி பண்ணினாவ. போற அன்னைக்கு ஜெபக்கனி பிரமுவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அந்த அழுகை அழுதா. காதுல, 'அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கேன் ஆன்ட்டி, அடியில'ன்னா. எனக்குக் கேட்டுச்சு. மாங்கா பழுக்க வச்சிருப்பா போல. பொறவு நான் அரிசிக்குள்ள கைய விட்டுப் பாத்தேன், ஒண்ணையும் காணும். அடுத்த வாரமே மக வந்தா, அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டா. போகும்போது பிரமு வாசல்ல நின்னு வீட்ட ஒரு பார்வை பாத்தா. கவர மட்டும் சேத்து வைக்காதியன்னா. அவ வந்து கழுவ அம்புட்டும் சேந்து போவும்னுதான் சொல்லியிருக்கா, பாவம்.

உண்மையச் சொல்லிருதேன் தம்பி. எனக்கு வாடகைக்காக ஆள் வேண்டாம். மாடியில ஒரு பொம்பளப் பிள்ள இருந்தா பிரமுவுக்குப் பேச்சுத் துணையாயிரும், வந்துருவா. அது இல்லாமத்தான் வரமாட்டேங்கா. வீடு ரொம்ப அமைதியாக் கெடக்கு. ராத்திரி பக்கத்துல அவ இழுத்து இழுத்து மூச்சு விடுத சத்தம் இருக்கே, அதக் கேட்டுக்கிட்டே தூங்கிப் பழகிட்டேன். இப்பம் அந்தச் சத்தம் இல்லாம தூக்கமே வரமாட்டேங்கு.

இந்தா, பேத்தி போட்டோ பாருங்க, மக அனுப்பினது. பிரமு மடியில உக்காந்திருக்கா. பிரமு கொஞ்சம் சதை போட்டிருக்கா என்ன? பேத்தி கையில பாருங்க, காதுல போன் மாதிரி வச்சிருக்கா. தெரியுதா? அந்த நீல டப்பா. அங்கயும் போயிட்டு பாருங்க. மருமகனுக்குத் தொத்திருச்சுபோலன்னு பதறிப்போயி போன் போட்டேன். மக, 'அம்மாட்டயே கேளுங்கப்பா'ன்னு குடுத்துட்டா. அங்க யாருக்கு என்ன நோயின்னு பிரமுட்டக் கேட்டேன். 'இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. நான் நல்லா மூச்சு விடுதேன்'னா. அது என்ன பதில் தம்பி? நான் கேட்டது ஒண்ணு, அவ சொல்லுதது ஒண்ணு. தீந்த டப்பாவத் தூரப் போட்றாத, எனக்கு அனுப்புன்னு சொன்னேன், போன வச்சிட்டா.

எந்திரிச்சிட்டிய? மாடியப் பாக்காண்டாமா? சாவி இந்தா இருக்கு. வீட்ல கேட்டுட்டு வாரியளா, சரி, கூட்டிட்டே வாங்க, அவங்க பாத்தாச் சரியா இருக்கும். அந்த பாட்டில எடுத்துக்கிடுங்க, மேசையிலயே வச்சிட்டுப் போறிய பாருங்க.

என்ன கேட்டிய? அந்த டப்பாவா? பிரமுவோடதா இருக்கும்ங்கியளா?

இல்ல தம்பி. நீங்க சின்ன வயசு, சட்டுனு ஒண்ணச் சொல்லிருதிய. அவளுக்கு ஒண்ணு இருந்தா அது எனக்குத் தெரியாமலா போவும்? அவ போட்ட குப்பைய ஒரு நாள் விடாம பாத்தவன் நான்.